நல்லாத்தான் தூங்குனாரு

திண்டிவனம் பேருந்து நிலையம், முற்பகல். சித்திரை வெயில் தாரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. மரக்காணம் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் டீக்கடைச் சார்ப்பின் நிழலுக்குள் நெருக்கியடித்து நிற்க, ஒருவர் மட்டும் வெயிலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஐம்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய கைலி, வெளுத்துப்போன முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. அந்தத் திசையில் கண்ணை இடுக்காமல் யாராலும் பார்க்க முடியாது. அவர் இடுக்கவில்லை. பக்கத்தில் போகும்போது தெரிகிறது: இருட்டில் விரிய வேண்டிய கண்மணி அந்த வெளிச்சத்திலும் விரிந்தே கிடக்கிறது.

எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் வயதுப் பெண் ஒருத்தி டீ வாங்கி வருகிறாள். கிளாஸை நேராகக் கையில் கொடுக்கவில்லை. அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, கிளாஸின் விளிம்பில் வைத்து, விரல் ஒரு சுற்று வந்த பிறகுதான் கையை விடுகிறாள். அவர் ஊதிக் குடிக்கிறார். அவள் மீதிச் சில்லறையை எண்ணிப் பாவாடை மடிப்பில் முடிந்துகொண்டே வண்டி வருகிறதா என்று பார்க்கிறாள். எத்தனையோ முறை செய்து பழகிய கை.

பெஞ்சில் இருந்த கிழவி கேட்கிறார்: "பொறவியிலேயே கண்ணு தெரியாதா பாப்பா?"

"இல்ல ஆயா. சாராயம்."

சர்க்கரை, பிரஷர் என்று சொல்வார்களே, அந்தக் குரலில்தான் சொன்னாள். கிழவி 'உச்' கொட்டினார். அவர் கிளாஸைக் கீழே இறக்கிவிட்டுத் தானாகவே சொன்னார், யாரைப் பார்த்தென்று இல்லாமல்:

"ராத்திரி குடிச்சேன். நல்லாத்தான் தூங்குனேன். எழுந்து, இன்னும் விடியலியாடின்னு இவ அம்மாவக் கேட்டேன். மணி ஒம்போது ஆவுதுங்கறா."

வண்டி வந்துவிட்டது. அந்தப் பெண் அவருடைய இடது கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

'நல்லாத்தான் தூங்குனேன்.' கள்ளச்சாராயத்தில் மாட்டிய குடும்பங்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் இந்த ஒரு வாக்கியம் எங்காவது வந்துவிடும். நல்லாத்தான் தூங்குனாரு. காலையில எழுந்து வேலைக்குக்கூடப் போனாரு. மத்தியானம்தான் வாந்தி எடுத்தாரு. இந்தப் பேச்சில் பொய் இல்லை. மெத்தனால் என்கிற விஷம் வேலை செய்யும் முறையே அப்படி.

நாம் சாராயம், பிராந்தி என்று சொல்வதில் இருக்கும் போதைப்பொருள் எத்தனால். மெத்தனால் அதற்கு மிக நெருங்கிய உறவு. பெயின்ட் தின்னரிலும் வார்னிஷ் வேலையிலும், வேறு பல ரசாயனங்கள் செய்யும் ஆலைகளிலும் புழங்குவது. நிறம் கிடையாது. வாசனையில் பெரிய வித்தியாசம் தெரியாது. தண்ணீர் கலந்து பாக்கெட்டில் கட்டிவிட்டால் நாக்கு கண்டுபிடிக்காது. ஊரில் சில பெரியவர்கள் பற்றவைத்துப் பார்த்தால் தெரியும், உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் தெரியும் என்பார்கள். அதை நம்பி யாரும் குடிக்கக் கூடாது. அடுப்பங்கரையிலோ கொல்லையிலோ வைத்து மெத்தனாலைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

குடித்தவுடன் அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. எத்தனால் அளவுக்குப் போதைகூட ஏறாது. போதை போதவில்லை என்று இன்னொரு பாக்கெட் வாங்கிக் குடிப்பதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. விஷம் பாக்கெட்டில் முழுதாக இல்லை. அதை நம் கல்லீரல்தான் சமைக்கிறது. வழக்கமாக எத்தனாலை உடைக்கும் நொதி மெத்தனாலையும் பிடித்து உடைக்கிறது. முதலில் பார்மால்டிஹைடு, அதிலிருந்து பார்மிக் அமிலம். சில வகை எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதிலும் இருக்கும் அமிலம்தான். இந்த அமிலம் மெல்ல மெல்லச் சேர்கிறது. அதற்கு அரை நாள், சில உடம்புகளில் ஒரு நாளுக்கு மேல். அந்த நேரம் முழுக்க ஆள் நன்றாகத்தான் இருப்பார். சாப்பிடுவார், பேசுவார், தூங்குவார்.

பிறகு மொத்தமாக வருகிறது. தலைவலி, வயிற்றைப் புரட்டும் வலி, வாந்தி. ரத்தம் அமிலமாகிறது. உயிரணுக்களுக்குள் பிராணவாயு போய்ச் சேர்ந்தாலும் அதைப் பயன்படுத்த முடியாமல் அமிலம் தடுக்கிறது. பிராணவாயு அதிகம் தேவைப்படும் இடங்கள் முதலில் சாகின்றன: கண் நரம்பு, மூளையின் அடியாழத்தில் உடம்பின் அசைவை ஒழுங்குசெய்யும் பகுதி. கண் முன்னால் வெள்ளையாகப் பனி இறங்கிவிட்டது என்பார்கள். அமிலத்தை மூச்சு வழியாகவாவது வெளியேற்றிவிட உடம்பு தவிக்கும். ஓடி வந்தவரைப் போல அல்லாமல், படுத்த இடத்திலேயே ஆழமாக, வேகமாக, நிற்காமல் மூச்சு வாங்கும். அதன் பின் வலிப்பு, மயக்கம். 10 மில்லி சுத்த மெத்தனால் ஒருவரின் பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லி உயிரையே எடுக்கக்கூடும். வீட்டு இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியில் அளந்தால் இரண்டு மூன்று மூடி.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகும் சாலை மரக்காணத்தில் கடலைத் தொடுகிறது. வழியின் கடைசியில் இருபுறமும் உப்பளம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையோடு சேர்ந்த மீனவக் குப்பங்களில் ஒன்று எக்கியார்குப்பம். 2023 மே 13, சனிக்கிழமை. வழக்கமாக விற்கும் பாக்கெட் சாராயம்தான் என்று நினைத்து வாங்கிக் குடித்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். அன்றிரவு ஆரம்பித்தது. மரக்காணம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி மருத்துவமனைகளுக்குக் கிடைத்த வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் சாவுச் செய்திகள் வந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலும் அதே நாட்களில் அதே சாவு. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபது பேருக்கு மேல் போனார்கள். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று ஆய்வக முடிவை வைத்துக் காவல்துறைத் தலைவர் அறிவித்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. முதலமைச்சர் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவிக்கப்பட்டது.

அந்தப் பத்து லட்சத்தைப் பற்றி அப்போது பேசாத வாய் இல்லை. விழுப்புரம் சந்திப்பில் மயிலாடுதுறை வண்டிக்கு உட்கார்ந்திருந்த இருவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. அலுவலகம் போய்வருகிறவர்கள், கையில் டிபன் பை. "எல்லையில காவல் நிக்கறவன் செத்தா என்னா குடுக்கறான்? குடிச்சிட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சமாம்" என்றார் ஒருவர். "நாமளும் போயி ஒரு பாக்கெட்டு அடிக்கலாம் வாங்க சார்" என்றார் மற்றவர். இருவரும் சிரித்தார்கள். அடுத்த பெஞ்சில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு அவரோடு வீட்டுக்குப் போகும் என்று மட்டும் தெரிந்தது.

இழப்பீடு சரியா தவறா என்று வாதம் செய்துகொள்ளட்டும். என் கோபம் அந்தச் சிரிப்பின் மேல். இந்த ஏளனத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அது வீணாகும் மணி நேரங்களில் எழுதப்படுகிறது. குடித்தான் என்று வெளியே தெரிந்தால் அசிங்கம், போலீஸ் வரும், ஊர் பேசும் என்று பயந்துதான் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். மோர் கொடுக்கிறார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கிறார்கள், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்கிறார்கள். கல்லீரல் அமிலத்தைச் சமைத்துக்கொண்டே இருக்கிறது.

எக்கியார்குப்பம் நடந்து ஓராண்டில் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பர் வரை இதே விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த ஊர். 2024 ஜூன் மூன்றாம் வாரம் கருணாபுரத்தில் ஆரம்பித்தது, அறுபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோய்விட்டது. முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமில்லை என்று ஒரு பேச்சு பரவியது. சாவு வீட்டுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று அன்று செய்திகள் வந்தன. படித்தபோது நெஞ்சு பதறியது. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் எதனால் செத்தார் என்று தெரியவில்லை. கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று நான்கு ஊர் மருத்துவமனைகளில் படுக்கை போட்டார்கள். அந்த மாதமே சட்டமன்றத்தில் சட்டத் திருத்தம் நிறைவேறி, கள்ளச்சாராயச் சாவுக்குக் காரணமானவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை என்றானது.

சனிக்கிழமை மாலைகளில் திண்டிவனத்தில் நின்று பார்த்தால் வேறொரு ஊர்வலம் தெரியும். சென்னையிலிருந்து வரும் கார்கள் மேம்பாலத்தருகே புதுச்சேரிப் பக்கம் திரும்புகின்றன. இளைஞர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டு. பின்சீட்டில் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு போகிறாள். பெட்ரோல் பங்கில் நின்றவர்கள் யாருடைய பிறந்தநாள், எந்த பீச், இரவு எத்தனை மணிவரை என்று பேசிக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையும் இல்லை, குறை சொல்லவும் தோன்றவில்லை. சந்தோஷமாக இருக்கும் வயசு. ஆனால் எக்கியார்குப்பம் தங்களுக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று அவர்கள் நினைத்தால் அது தப்பு.

2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஆறு பேர் மெத்தனாலில் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து இருவர், டென்மார்க்கிலிருந்து இருவர், பிரிட்டன், அமெரிக்காவிலிருந்து ஒவ்வொருவர். பெரும்பாலும் இளம் வயது. அந்த இரண்டு ஆஸ்திரேலியப் பெண்களுக்கும் பத்தொன்பது வயது. உலகம் பார்க்கக் கிளம்பியவர்கள். கண்ணாடிக் குவளையில், இசையோடு, சிரித்த முகத்தோடு ஊற்றிக் கொடுக்கப்பட்ட மது. அதே நொதி, அதே அமிலம், மறுநாள் அறையைவிட்டு வெளியே வராத அதே தூக்கம். மெத்தனாலுக்குக் குப்பத்துப் பாக்கெட்டும் தெரியாது, கடற்கரை விருந்தின் கலர் குவளையும் தெரியாது. முத்திரை உடைக்காத பாட்டிலில் இல்லாத எதையும், எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாத எதையும், யார் ஊற்றிக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்வதுதான் நம் கையில் இருக்கிறது.

மெத்தனாலோடு பிராந்தியும் குடித்திருந்தால் ஒரு சிக்கல் உண்டு. நொதி முதலில் எத்தனாலைத்தான் பிடித்து உடைக்கும். மெத்தனால் அதுவரை தொடப்படாமல் ரத்தத்தில் சுற்றும். அறிகுறி இன்னும் தள்ளிப்போகும், மூன்று நாள்கூட ஆகலாம். இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் மருத்துவமும் செய்கிறார்கள். அளந்து கொடுக்கப்படும் எத்தனாலோ, போமெபிசோல் என்ற ஊசியோ நொதியை வேறு வேலை செய்யவிடாமல் நிறுத்திவைக்கும். அந்த அவகாசத்தில் டயாலிசிஸ் செய்து மெத்தனாலையும் அமிலத்தையும் ரத்தத்திலிருந்து வெளியேற்றிவிடலாம். ரத்தத்தின் அமிலத்தைக் குறைக்க சோடியம் பைகார்பனேட் ஏற்றுகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் ஒரு குவார்ட்டர் வாங்கி ஊற்றிவிடலாமே' என்று யாராவது கிளம்பினால் அந்த ஆளைக் கொல்வதற்குச் சமம். ரத்தத்தைச் சோதித்து மணிக்கு மணி அளந்து செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, 108-ஐ அழைப்பது.

முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு விழுப்புரத்திலிருந்து வருகிறவர்கள் நெடுஞ்சாலையிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஆட்டோக்களும் இளநீர் வண்டியும் நிற்கும் வாசல். உள்ளே அவசரப் பிரிவின் வராந்தாவில் எந்நேரமும் ஒரு கூட்டம், பிளாஸ்டிக் குடம், மடித்த பாய், ஸ்கேன் கவர். வேறு ஒருவருக்குத் துணையாக நான் உட்கார்ந்திருந்த ஒரு காலையில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். நடுவில் ஒருவர், முப்பத்தைந்து வயது, கரும்பு வெட்டுகிறவர் என்பது முன்கையின் கீறல்களில் தெரிந்தது. ஒருபக்கம் மனைவி, மறுபக்கம் தாய். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் நடந்துதான் வந்தார்.

டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். "என்ன பண்ணுது?"

"வவுத்தால போவுதும்மா, வாந்தி" என்று தாய் முந்திக்கொண்டார். "நேத்து கல்யாணத்துல பிரியாணி துன்னான். ஒத்துக்கல."

"குடிச்சாரா?"

"அய்யய்ய, என் புள்ளைக்கு அந்தப் பழக்கமே கெடையாதும்மா."

மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "அத்த, நீ செத்த சும்மா இரு. டாக்டரம்மா, நேத்து சாய்ங்காலம் ஏழு மணி இருக்கும். ரெண்டு பாக்கெட்டு. கடையில வாங்கனது இல்ல. வந்து நல்லாத்தான் தூங்குச்சி. காலையில எழுந்து தல வலிக்குதுன்னுச்சி. அவ்ளோதான், இட்டாந்துட்டேன்."

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை, டாக்டரை மட்டும் பார்த்தார். டாக்டரின் முகம் மாறியது, கைகள் வேகமாயின. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். மூன்று விரலைக் காட்டினார். "எத்தனை?" "மூணு." "மங்கலா, பனியாட்டம் ஏதாவது?" "இல்லீங்க." மணிக்கட்டில் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு ஓடினார்கள். ஒரு பாட்டில் ஏறத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வாந்தி நின்றுவிட்டது. உடனே எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. வெட்டு இருக்குது, போலாம் வா."

"எக்கியார்குப்பத்துலயும் ஒண்ணுமில்லன்னுதான் மாமா சொன்னாங்க" என்றார் மனைவி. "படு."

டாக்டர் வந்தார். ரத்தத்தில் அமிலம் இப்போதைக்கு இல்லை, ஆனால் நாளை வரை மறுபடி மறுபடி பார்க்க வேண்டும், கீழே இறங்கக் கூடாது என்றார். பிறகு கேட்டார்: "கூட யாரெல்லாம் குடிச்சாங்க?"

பதில் இல்லை. பேர் சொன்னால் என்ன ஆகும் என்ற யோசனை மூவர் முகத்திலும் ஓடியது. டாக்டருக்கும் புரிந்தது. "போலீஸு, கேஸு எல்லாம் அப்பறம்மா. மொதல்ல அவங்க இங்க வரட்டும். நல்லா இருந்தாலும் வரட்டும்."

மனைவி கணவனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பொத்தான் போன், கீறல் விழுந்த திரை. முதல் அழைப்பில் யாரையோ "அண்ணே" என்று கூப்பிட்டு, கிளம்பி வாங்க என்று இரண்டே வார்த்தையில் முடித்தார். அடுத்ததில் யாரோ ஒருவருடைய மனைவி அழுதார், இவர் அதட்டினார். மூன்றாவது போனை ஒரு பையன் எடுத்திருக்க வேண்டும். இவர் குரல் இறங்கியது.

"தம்பி, அப்பா எங்கடா? ... தூங்குறாரா? எப்பத்துலேருந்து? ... இல்லடா, நல்லாத் தூங்கறாருன்னு உட்ராத. எழுப்பு. தண்ணி தெளிச்சி எழுப்பு. ஏந்துக்கலன்னா பக்கத்து ஊட்டு அக்காவக் கூப்புட்டு 108-க்கு போன் போடச் சொல்லு. நான் லைன்லயே இருக்கறேன், போ, எழுப்பு."